சாம்பல் பெட்டை ஏன் சாகவில்லை?

"நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. கறிக்கடையில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், பலகையில் எழுதிச் சாலையோரம் நிறுத்தி வைக்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு கோழியைக்கூட வளர்த்ததில்லை. வளர்த்தவர்கள் இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். மாசியிலும் பங்குனியிலும் பஞ்சாரம் காலியாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் இந்தப் பேச்சை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வருவதில்லை. எவ்வளவு பெரிய சீக்கு வந்துபோனாலும் ஒன்றிரண்டு கோழிகள் மிஞ்சிவிடுகின்றன. ஏன் அவை மட்டும் மிஞ்சுகின்றன என்ற கேள்வி என்னை வெகுநாளாகப் படுத்திக்கொண்டிருக்கிறது.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் என் சின்னம்மா இருக்கிறார். அவரிடம் எப்போதும் சிறுவிடைக் கோழிகள் உண்டு. பகலில் குப்பைமேட்டைக் கிளறும். பொழுது சாய்ந்தால் பாதி பஞ்சாரத்துக்குள் வரும், அடங்காதவை முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். ஒரு மாசி மாதக் கடைசியில் நான் போயிருந்தபோது வெடைக்கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுவரோரம் நின்றது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அதற்கடுத்து ஒரு சேவலின் கழுத்து பக்கவாட்டில் திருகிக்கொண்டது. அது கம்பைக் கொத்தக் குனியும். அலகு ஒரு விரற்கடை தள்ளி வெறுந்தரையில் விழும். மீண்டும் குனியும், மீண்டும் தப்பும். பசியும் தீனியும் எதிரெதிரே இருக்க, இடையில் குறி மட்டும் கெட்டுப்போயிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சின்னம்மா சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து உருட்டி எல்லாக் கோழிகளின் வாயிலும் திணித்தார். ஒரு வாரத்துக்குள் முற்றம் வெறிச்சோடிவிட்டது. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மட்டும் ஒரு வேளைத் தீனியைக்கூட விடாமல் நடமாடிக்கொண்டிருந்தது. கண்மாய்க் கரையோரத்து வீட்டில் நாலைந்து வாத்துகள் இருந்தன. அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பச்சிலை காப்பாற்றியது என்றார் ஒருவர். பச்சிலை எல்லாக் கோழிக்கும்தானே கொடுக்கப்பட்டது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டு மாமா, "அது கெட்டியான கோழி, மாப்பிள்ளை" என்றார். ஏன் சாகவில்லை என்றால் கெட்டி. கெட்டி என்று எப்படித் தெரியும் என்றால் சாகவில்லை. இந்தச் செக்கைச் சுற்றி எத்தனை நடை நடந்தாலும் ஊர் போய்ச் சேராது. சின்னம்மா மட்டும் காரியவாதி. "இனிமேல் இதன் முட்டையைத்தான் அடை வைக்கப்போகிறேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு முழு மரபியல் கருதுகோள் இருக்கிறது. தப்பியது பிறவிக் குணத்தால். அந்தக் குணம் குஞ்சுக்குப் போகும். அதனால் அடுத்த மாசியில் கூடு காலியாகாது. மூன்றும் உண்மையாக இருக்கலாம். மூன்றும் பொய்யாகவும் இருக்கலாம்.

மருந்தக மேசை

செத்த கோழிகளில் இரண்டு மாதக் குஞ்சு ஒன்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். மருத்துவர் இளம் வயதுப் பெண். பின்பக்கத் திண்ணையில் வைத்தே அறுத்துக் காட்டினார். அரைவைப்பைக்கு முன்னால் உள்ள முன் இரைப்பையைப் பிளந்தபோது உட்சுவரில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு சுரப்பியின் நுனியிலும் ஒரு துளி ரத்தக் கசிவு. "ராணிக்கெட்தான், சந்தேகமே இல்லை" என்றார். ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்வது இதைத்தான். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் கவனிக்கப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டதால் இங்கே அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது.

பிறகு அவர் கத்தியின் நுனியால் குடலின் கடைக்கோடியை, எச்சம் வெளியேறும் வாய்க்குச் சற்று மேலே, ஒதுக்கிக் காட்டினார். அங்கே அரைநெல்லிக்காய் போல ஓர் உருண்டை. வெட்டியபோது உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்தது. "இதற்குப் பெயர் ஃபேப்ரீசியஸ் பை. கிருமியைப் பிடித்து முடக்கும் புரதத்துக்கு ஆன்டிபாடி என்று பெயர். கோழியின் ஆன்டிபாடித் தொழிற்சாலைக்கு ஆள் பயிற்சி கொடுக்கும் இடம் இதுதான், சார். பருவத்துக்கு வந்த கோழியில் சுருங்கி மறைந்துவிடும்" என்றார். நான் சாம்பல் பெட்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே அடுக்கினார். அந்தக் கோழி முருங்கை மரத்தில் அடைந்திருக்கலாம். மற்றவற்றின் எச்சம் படாமல் கொஞ்சம் வைரஸ்தான் உள்ளே போயிருக்கலாம். முந்தைய வருடத் தடுப்பூசி முகாமில் பிடிபட்ட கோழியாக இருக்கலாம். குஞ்சாக இருந்தபோது வீரியம் குறைந்த ரகம் ஒன்று வந்துபோய், யாருக்கும் தெரியாமல் பாடம் கற்பித்திருக்கலாம். பிறவியிலேயே ஏதாவது இருக்கலாம். "ஒரு கோழியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது" என்று முடித்தார். எனக்கு அந்தப் பதில் முதலில் ஏமாற்றமாக இருந்தது. வெளியே சின்னம்மா, "டாக்டரம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டபோது என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

அவர் காட்டிய பையைப் பற்றித் தேடிப் படித்தேன். பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபேப்ரீசியஸ் பார்த்து வைத்துவிட்டுப் போன அந்த உறுப்புக்கு என்ன வேலை என்று 1950கள் வரை யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர் இளம் குஞ்சுகளில் அதை வெட்டியெடுத்துப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. டிமோதி சாங் என்ற இன்னொரு மாணவர், மாணவர்களுக்கு ஆன்டிபாடி எப்படி உண்டாகிறது என்று செய்முறை காட்டக் கோழிகள் தேவைப்பட்டு, கிளிக்கிடமிருந்து சிலவற்றை வாங்கிப்போனார். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை ஊசியில் ஏற்றினார். சில செத்தன, பிழைத்தவற்றின் ரத்தத்தில் ஆன்டிபாடியே இல்லை. செய்முறை வகுப்பு கெட்டது. ஆனால் பை இல்லாத கோழிக்கு ஆன்டிபாடி இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கட்டுரையை சயின்ஸ் இதழ் திருப்பியனுப்பிவிட, 1956இல் அது ஒரு கோழியியல் இதழில் வந்தது. இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும், ஆன்டிபாடி உண்டாக்கும் வெள்ளணுவான பி செல் பற்றிய பாடம் முழுவதும் அந்தக் கோழிப் பையிலிருந்து கிளைத்தது. கோழியை அறுக்கிறவர்கள் தினமும் அதைத் தூக்கிக் குப்பையில் எறிகிறார்கள்.

இதைப் படித்த பிறகு சாம்பல் பெட்டையின் கதை இன்னும் சிக்கலானது. கம்போரோ என்று ஒரு கோழி நோய் உண்டு. 1962இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் கம்போரோ என்ற இடத்துப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. அந்த வைரஸ் நேராகப் போய் உட்காருவது இந்தப் பையில். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளைத்தான் அது அதிகம் தேடும். பிழைத்த குஞ்சு வெளிப்பார்வைக்கு நன்றாகவே வளரும். ஆனால் பயிற்சிக்கூடம் எரிந்துபோயிருக்கும். அப்புறம் ராணிக்கெட் தடுப்பூசி போட்டாலும் உடம்பு சரியாகப் பதில் சொல்லாது. ஆக, ஒரே தாயின் இரண்டு குஞ்சுகள், ஒரே தவிடு தின்றவை, ஒரே இனத்தவை. ஒன்றுக்கு நாலாவது வாரத்தில் கம்போரோ வந்துபோனது, இன்னொன்றுக்கு வரவில்லை. மாசியில் ஒன்று சாகிறது, ஒன்று நிற்கிறது. இதில் இனம் எங்கே வந்தது? முட்டையின் மஞ்சள் கரு வேறு இருக்கிறது. தாய்க்கோழி தன் ஆன்டிபாடியை அதில் வைத்து அனுப்புகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்கள் குஞ்சு அந்தத் தாய்வீட்டுச் சீதனத்தில்தான் ஓடும். பிறகு அது கரைந்துவிடும். சாம்பல் பெட்டையின் குஞ்சுகள் பிறந்த சூட்டில் திடமாக இருந்தால் அதைப் பிறவிக் குணம் என்று சின்னம்மா எடுத்துக்கொள்வார். அது அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு மட்டும்தான்.

மரபு வேறு வகையில் வருகிறது

இதையெல்லாம் சொல்வதால் மரபுக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. கோழியில் மரபுக்கு உள்ள வேலை மற்ற விலங்குகளைவிடத் துலக்கமாகத் தெரியும். ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் காவல் செல்கள் அதைப் பார்த்து, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும். அந்தத் துணுக்கைப் பிடித்து நிறுத்தும் மூலக்கூறு ஆளுக்கு ஆள், கோழிக்குக் கோழி மாறும். மனிதரில் இதற்கு முக்கியமான மரபணுக்கள் மூன்று. அப்பா வழி, அம்மா வழி சேர்த்து ஆறு வடிவங்கள் வரை ஒருவரிடம் இருக்கலாம். ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடித்துவிடும். கோழியில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரே மரபணுதான் தூக்கிச் சுமக்கிறது. 1999இல் ஜிம் காஃப்மனும் கூட்டாளிகளும் கோழியின் இந்தப் பகுதியை முழுவதுமாக வாசித்து வெளியிட்டார்கள். 92,000 டி.என்.ஏ. எழுத்து நீளத்தில் 19 மரபணுக்கள் மட்டும். மனிதருடையதோடு ஒப்பிட்டால் இது கையடக்கம். அதனால் ஒரு கோழியிடம் எந்த வடிவம் இருக்கிறது என்பதே குறிப்பிட்ட ஒரு நோயில் அதன் தலையெழுத்தைப் பெருமளவு தீர்மானித்துவிடும்.

மாரெக் நோய் இதற்குப் பெயர்போன சாட்சி. 1907இல் புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் கால் முடங்கிய சேவல்களில் முதலில் விவரித்தது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். நரம்பைத் தாக்கும், கட்டிகளை உண்டாக்கும். பி21 என்று பெயரிட்ட வடிவம் உள்ள கோழிகள் இதைத் தாங்கிக்கொள்கின்றன. பி19 உள்ளவை விழுகின்றன. காரணம் அழகானது. பி21 பலவகைத் துணுக்குகளைப் பிடிக்கும். எதையும் வேண்டாம் என்று சொல்லாது. பி19 வகையறா பொறுக்கிப் பொறுக்கி எடுக்கும். இதைப் படித்த அன்று எனக்கு ஒரே உற்சாகம். சரி, பி21தான் நல்ல வடிவம். சாம்பல் பெட்டையிடம் அது இருந்திருக்கும். மாமா சொன்ன 'கெட்டி'க்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் பி21 அவ்வளவு நல்லதென்றால் இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் எல்லாக் கோழிகளும் பி21 ஆகியிருக்க வேண்டுமே. மற்ற வடிவங்கள் இன்னும் ஏன் உயிரோடு இருக்கின்றன? அந்த இடத்தில் சிக்கிக்கொண்டு நின்றேன்.

வர்ஜீனியாவின் இரண்டு கோழிக் கூட்டங்கள்

இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் இல்லாவிட்டாலும், கேள்வியையே திருப்பிப்போட்ட ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பால் சீகலும் டபிள்யூ. பி. கிராஸும் 1970களில் தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது வெள்ளை லெகார்ன் கோழிகள், ஒரே மூலக் கூட்டம். ஒவ்வொரு குஞ்சுக்கும் செம்மறியாட்டின் சிவப்பு ரத்த அணுக்களைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றினார்கள். ஆட்டு ரத்தம் கோழிக்கு நோய் தராது. அந்நியப் பொருள், அவ்வளவுதான். சில நாள்கள் கழித்து ஆன்டிபாடி எவ்வளவு உண்டாகியிருக்கிறது என்று அளந்தார்கள். அதிகம் உண்டாக்கியவற்றைத் தங்களுக்குள் சேரவிட்டார்கள். குறைவாக உண்டாக்கியவற்றைத் தங்களுக்குள். அடுத்த தலைமுறையிலும் அதே அளவு, அதே பிரிப்பு. பல பத்தாண்டுகள் இதைத் தொடர்ந்தார்கள். இரண்டு கூட்டங்களும் மேலும் மேலும் விலகிப்போயின. ஆன்டிபாடி அதிகம் உண்டாக்கும் மேல் கூட்டத்தில் பி21 வடிவம் கிட்டத்தட்ட நிறைந்துகொண்டது. கீழ்க் கூட்டத்தில் பி13. இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். எதிர்ப்புச் சக்தியை வேண்டும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும்.

பிறகு அவர்கள் இரண்டு கூட்டங்களுக்கும் நிஜ நோய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழாயைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிராக மேல் கூட்டம் நன்றாக நின்றது. ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணிக்கு எதிராகவும் நின்றது. இறகுச் செள்ளுக்கு எதிராகக்கூட. அடுத்தது ஈ. கோலி என்ற குடல் பாக்டீரியா. மேல் கூட்டம் கீழ்க் கூட்டத்தைவிட மோசமாக விழுந்தது. ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா கொடுத்தபோதும் அதே கதை. இந்தப் பத்தியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். ஆன்டிபாடிக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டம், சாதாரண ஈ. கோலியிடம் தோற்கிறது; மக்கு என்று ஒதுக்கப்பட்ட கூட்டம் அதைச் சமாளிக்கிறது. பாக்டீரியாவை விழுங்கித் தின்னும் முன்வரிசைக் காவலும், ஆன்டிபாடி செய்யும் பின்வரிசையும் ஒரே மூட்டையிலிருந்து செலவு செய்கின்றன என்பதே இதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். மேல் கூட்டத்துக் கோழிகள் எடையும் குறைவு. முட்டையிடத் தொடங்குவதும் தாமதம். ஒரு நோய்க்கு முன்னால் பணக்காரக் கோழி, இன்னொரு நோய்க்கு முன்னால் பரம ஏழை.

எனக்கு அன்றுவரை தெளிவாக உறைக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. எதிர்ப்புச் சக்தியை நாம் ஒரே தராசில் வைத்து நிறுக்கப் பார்க்கிறோம். இதற்கு அதிகம், அதற்குக் குறைவு. கஷாயம் குடித்தால் ஏறும், ஐஸ்கிரீம் தின்றால் இறங்கும். கொரோனாவுக்குப் பிறகு இந்தத் தராசு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. உண்மையில் அப்படி ஒரு தராசே கிடையாது. எந்தக் கிருமி, எந்த வயதில், எவ்வளவு, முன்னால் என்ன வந்துபோனது என்பதெல்லாம் கேட்காமல் ஒரு கோழியின் எதிர்ப்புச் சக்தி அதிகமா குறைவா என்று கேட்பதே பொருளற்றது. ஒரு முற்றத்தில் பி21, பி13, பி19 எல்லாம் கலந்து மேய்வது இயற்கையின் கவனக்குறைவு என்று எனக்கு இப்போது தோன்றுவதில்லை. இந்த வருடம் ஒரு கிருமி வரும், அது ஒரு வடிவத்தை வெட்டும். அடுத்த வருடம் வேறொன்று வரும், வேறொரு வடிவம் பிழைக்கும். எந்த வடிவமும் நிரந்தரமாக ஜெயிப்பதில்லை, அதனால் எதுவும் முழுதாக அழிவதும் இல்லை.

இதே கணக்கு காட்டு விலங்குகளிலும் ஓடுவதைப் பிறகு பார்த்தேன். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்ற தீவுக்கூட்டத்தில் சோய் என்ற பழைய செம்மறி இனம் ஆளில்லாமல் தானே வாழ்கிறது. ஆண்ட்ரியா கிரகாமும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் ஆன்டிபாடி மிகுந்த ஆடுகள் கொடுங்குளிர்காலங்களைத் தாண்டிப் பிழைக்கின்றன. ஆனால் ஈனும் வாய்ப்பு அவற்றுக்குக் குறைவு. குறைந்த ஆடுகள் நல்ல வருடங்களில் குட்டிகளைப் பெருக்கிவிட்டு, கெட்ட வருடத்தில் செத்துப்போகின்றன. தடுப்பூசி போட ஆளில்லை, தீனி வைக்க ஆளில்லை. அங்கேயும் இரண்டு வகையும் மிஞ்சி நிற்கின்றன.

வாத்துகளின் கணக்கு வேறு

கண்மாய்க் கரை வாத்துகளை மறந்துவிடக்கூடாது. ராணிக்கெட் வைரஸ் வாத்துக்குள் போகும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் தங்கிவிட்டு வெளியே வரும். பறவைக் காய்ச்சலிலும் பல ரகங்களுக்கு இதே நிலைதான். 2010இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காதரின் மேகர் குழுவினர் பறவைக் காய்ச்சலில் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் ரிக்-ஐ என்ற உணர்வான் வாத்தில் இருக்கிறது. கோழியில் அந்த மரபணுவே இல்லை. எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டது. வாத்தின் மரபணுவைக் கோழிச் செல்லில் வைத்துப் பார்த்தார்கள். வைரஸ் பெருகுவது குறைந்தது. ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கும் இரண்டு பறவைகளில் ஒன்றிடம் எச்சரிக்கை மணி இருக்கிறது, இன்னொன்றிடம் மணியே இல்லை.

ஆனால் வாத்து நோய்ப்படாமல் இருப்பது கோழிக்கு நல்ல செய்தி அல்ல. சாகாத வாத்து நடமாடிக்கொண்டே வைரஸைக் கண்மாயெல்லாம் பரப்பும். தனக்கு வராமல் பார்த்துக்கொள்வது ஒரு வகைத் தற்காப்பு. வந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் வாழ்வது இன்னொரு வகை. இரண்டாவது வகை அண்டை வீட்டாருக்கு ஆபத்து. வாத்தையும் அழியாப் பறவை என்று நினைத்துவிட வேண்டாம். 2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சலின் எச்5என்1 ரகம் வந்தபோது வாத்துகள்தான் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2021 ஜனவரியில் எச்5என்8 ரகத்திலும் அதே நிலை. மணி அடித்தும் வீட்டுக்குள் நுழைகிற திருடர்கள் உண்டு.

தடுப்பூசியும் இதே போலக் கோணலாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. மாரெக் நோய்த் தடுப்பூசி கோழியைச் சாகவிடாது. வைரஸ் உடம்பில் தங்குவதை முழுதாகத் தடுக்காது. ஆண்ட்ரூ ரீட் என்ற ஆய்வாளரின் குழு 2015இல் காட்டியது இது: மிகக் கொடிய ரகம் தாக்கினால் தடுப்பூசி போடாத கோழி பரப்புவதற்குமுன் செத்துவிடுகிறது, போட்ட கோழி வாரக்கணக்கில் உயிரோடு இருந்து அதைப் பரப்புகிறது. இதைக் காட்டித் தடுப்பூசியே தப்பு என்று கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் செத்தவை பெரும்பாலும் ஊசி போடாத கோழிகள். நாமக்கல் பண்ணைகளில், 'எதிர்ப்புச் சக்தியே இல்லை' என்று ஊரே தூற்றும் வெள்ளைக் கோழிகள், குஞ்சுப் பருவத்திலேயே மாரெக், ராணிக்கெட், கம்போரோ என்று வரிசையாகத் தடுப்பு மருந்து பெற்று லட்சக்கணக்கில் நின்றுகொண்டிருக்கின்றன. சக்தி அதிகம் என்று பெயர் வாங்கிய நாட்டுக்கோழி பஞ்சாரத்தில் செத்துக் கிடக்கிறது.

இனம் வாங்குகிறவர்கள்

பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராகக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைக்கடியில் தோலில் ஒரு ஊசி. விடியற்காலையிலேயே பஞ்சாரத்தைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். திறந்துவிட்டால் பிறகு பிடிக்க ஊரைச் சுற்ற வேண்டியதுதான். சின்னம்மா இப்போது அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறார். சாம்பல் பெட்டையின் முட்டையையும் அடை வைக்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆனால் ராணிக்கெட் போன்ற ஒரு நோயில், அது முற்றத்தில் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் அடித்துப்போட்டுவிடும் என்பதால், தப்பியதில் பாதி அதிர்ஷ்டம் என்றே நான் கணக்கு வைப்பேன். அதிர்ஷ்டம் முட்டைக்குள் போகாது. தவிர, குஞ்சில் பாதி மரபு எந்தச் சேவலுடையதோ.

மரபணுவைத் திருத்தியே சீக்குவராத கோழி செய்துவிடலாம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனமும் லண்டனின் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்த குழு, பறவைக் காய்ச்சல் வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் ஏ.என்.பி.32ஏ என்ற கோழிப் புரதத்தைத் திருத்தி, 2023இல் முடிவுகளை வெளியிட்டது. சாதாரண அளவு வைரஸுக்குப் பத்தில் ஒன்பது கோழிகள் தொற்றாமல் நின்றன. அளவை ஆயிரம் மடங்கு கூட்டியபோது பத்தில் ஐந்துக்குத் தொற்றியது. தொற்றிய கோழிகளில் வைரஸ் மாறிக்கொண்டு, அதே குடும்பத்து வேறு இரண்டு புரதங்களை வைத்து வேலையை முடித்துக்கொள்ளக் கற்றுவிட்டது. மூன்றையும் திருத்தினால் சோதனைக்கூடச் செல்களில் வைரஸ் வளரவில்லை. ஆனால் மூன்றும் இல்லாமல் ஒரு கோழி ஒழுங்காக வளருமா என்பது வேறு கேள்வி. ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான், நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். செய்தித் தலைப்புகள்தான் 'பறவைக் காய்ச்சல் வராத கோழி' என்று ஓடின.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலையை விட்டுவிட்டு ஊரில் கோழிப் பண்ணை வைக்கப்போகிறார். "பெருவிடை, சிறுவிடை, கடக்நாத், எதற்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்?" என்றார். எந்த நோயைக் கேட்கிறீர்கள், குஞ்சை எங்கே வாங்குகிறீர்கள், தாய்க்கோழிகளுக்கு ஊசி போட்டிருக்கிறார்களா, பக்கத்தில் கண்மாய் உண்டா, வாத்து மேய்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், ஒரே பெயராகச் சொல்லுங்கள்" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. மறு வாரம் சந்தையில் ஒரு வியாபாரி தயங்காமல் சொல்லிவிட்டாராம். நூறு குஞ்சு வாங்கிவிட்டார், குஞ்சுக்கு ஐந்து ரூபாய் தள்ளுபடியும் கிடைத்ததாம். ஊசி அட்டவணையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது.